2000 புள்ளி ஸ்பேஸ் மரீன் படை: கொல்வது நான், வெல்வது எதிராளி. பட்டியலில் எங்கே கோளாறு?

நீலக்கவசம் கேட்கிறார்:

வணக்கம். இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறேன். வியாழன் மாலைகளில் உள்ளூர் மன்றத்தில் வார்ஹேமர் 40,000 (பொம்மைப் படைகளை மேசையில் மோதவிடும் போர் விளையாட்டு) ஆடுகிறேன், பத்தாம் பதிப்பு. அடுத்த மாதம் பக்கத்து ஊரில் ஒருநாள் போட்டி நடக்கிறது. மூன்று ஆட்டங்கள், 2000 புள்ளி (ஒவ்வொரு பிரிவுக்கும் புள்ளியில் ஒரு விலை உண்டு, படையின் மொத்த விலை வரம்பு இது), சதுரங்கக் கடிகாரத்தில் ஆளுக்கு ஒன்றரை மணி நேரம். துணிந்து பெயர் கொடுத்துவிட்டேன். படைப்பட்டியலை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

என்னுடையது ஸ்பேஸ் மரீன்களில் அல்ட்ரா மரீன், கிளேடியஸ் டிடாச்மென்ட் (படைக்குத் தேர்ந்தெடுக்கும் விதித்தொகுப்பு):

லேண்ட் ரைடர் (கவச வண்டி), அதற்குள் டெர்மினேட்டர் 5 பேரும் டெர்மினேட்டர் கவசம் அணிந்த கேப்டனும்
ஹெல்பிளாஸ்டர் 10, லெப்டினன்ட் தலைமையில்
பிளேட்கார்ட் 6, ஜூடிசியர் தலைமையில்
ரிடெம்ப்டர் டிரெட்நாட் 2
அக்ரஸர் 6
எரடிகேட்டர் 3
டெவஸ்டேட்டர் 5, நான்கு லாஸ்கேனன்களுடன்
இன்டர்செஸர் 5

இதற்கு மேல் இரண்டு என்ஹான்ஸ்மென்ட் (தலைவர்களுக்கான கூடுதல் திறன்). மொத்தம் 2000-ஐத் தொட்டுக்கொண்டு நிற்கிறது.

கடைசியாக நெக்ரான் ஆடும் நண்பரிடம் 84-52 என்று தோற்றேன். ஐந்தாவது சுற்று முடிந்தபோது மேசையில் அவருடைய பொம்மைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். என் படையில் பாதிக்கு மேல் நின்றுகொண்டிருந்தது. அப்படியும் 32 புள்ளி வித்தியாசம்! அவருடைய ஹெக்ஸ்மார்க் என்ற ஒற்றைப் பொம்மை என் மூலையில் வந்து இறங்கியது. அதை விரட்டவே எனக்கு ஒரு சுற்று போய்விட்டது. என் 52 புள்ளிகளின் கணக்கு: முதன்மைப் பணிக்கு 25, துணைப் பணிகளுக்கு 17, வண்ணம் பூசியதற்கு 10. அவருக்கு 45, 29, 10.

பட்டியலை வலுப்படுத்த எதை வாங்க வேண்டும்? இன்னொரு ரிடெம்ப்டரா, அல்லது கிளேடியேட்டர் லான்சர் டாங்க்கா? ஒரு பெட்டி வாங்கும் அளவுக்குத்தான் கையில் காசு இருக்கிறது. அதிகம் போனால் இரண்டு.

பழைய_பகடை:

தம்பி, கேள்வியின் கடைசி வரியில் நீங்கள் கேட்டதற்குப் பதில் அதற்கு முந்தைய பத்தியிலேயே இருக்கிறது. துணைப் பணிகளுக்கு 17. இன்னொரு ரிடெம்ப்டரை வாங்கினால் அது 15 ஆகும்.

நான் கவென்ட்ரிக்காரன். 2008-இல் ஐந்தாம் பதிப்பு வந்தபோது இந்த ஆட்டத்துக்குள் விழுந்தவன், இன்னும் எழுந்திருக்கவில்லை. அந்தக் காலத்திலிருந்தே ஒரு நோய் உண்டு: பட்டியல் எழுத உட்கார்ந்ததும் நம் மூளை “இது எதைக் கொல்லும்?” என்று மட்டும்தான் கேட்கும். பத்தாம் பதிப்பின் மதிப்பெண் தாளை எடுத்துப் பாருங்கள். முதன்மைப் பணிக்கு உச்சம் 50, துணைப் பணிகளுக்கு 40, வண்ணத்துக்கு 10. கொலைக்கு என்று தனிப் பத்தி கிடையாது. துணைப் பணி அட்டைகளில் கொன்றால் புள்ளி தருபவை சில உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலான அட்டைகள் “அங்கே போய் நில், இங்கே வந்து ஒரு செயலைச் செய்” என்றுதான் சொல்கின்றன.

உங்கள் பட்டியலைப் படித்தபோது எனக்குக் கல்யாண வீடுதான் நினைவுக்கு வந்தது. எல்லோரும் பட்டு வேட்டி கட்டி மேடையில் நிற்கிறார்கள், பந்தியில் பரிமாற ஒரே ஓர் ஆள். அந்த ஒரே ஆள் உங்கள் இன்டர்செஸர். அவரும் வீட்டுக் குறியை (உங்கள் பக்கத்து இலக்குக் குறியை) காத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்திருப்பார், சரிதானே?

லேண்ட் ரைடர் நடுவுக்குப் போக வேண்டும். அக்ரஸர், பிளேட்கார்ட், ரிடெம்ப்டர் எல்லோருக்கும் அதே நடுதான் வேண்டும். 60-க்கு 44 அங்குல மேசையில் அந்த நடு எவ்வளவு பெரியது? இரண்டு இடிபாடுகளுக்கு நடுவே ஒரு சந்து. முதல் இரண்டு சுற்றுகளில் உங்கள் படையில் கால்வாசி, தன் முன்னால் நிற்கும் சொந்தப் பிரிவின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கும்.

இலக்குக் குறிகளைப் பிடிப்பதற்கு வருகிறேன். டெர்மினேட்டருக்கு ஓசி (குறியைப் பிடிக்கும் வலு) ஒன்று. ஐந்து பேர் நின்றால் ஐந்து, கேப்டனைச் சேர்த்தால் ஆறு. இன்டர்செஸருக்கு ஓசி இரண்டு, ஐந்து பேருக்குப் பத்து. டெர்மினேட்டர்களின் விலையில் பாதிகூட இல்லாத இன்டர்செஸர்கள், குறியைப் பிடிப்பதில் அவர்களைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுகிறார்கள். அதோடு, இன்டர்செஸர் தன் கட்டளைக் கட்டத்தின் முடிவில் கையில் வைத்திருக்கும் குறி, அவர் அங்கிருந்து நகர்ந்த பிறகும் உங்களுடையதாகவே இருக்கும், எதிராளி வந்து பிடுங்கும் வரை. தரவுத் தாளில் அந்த வரியை எத்தனை பேர் படிக்கிறார்கள்? அவரை வீட்டிலேயே உட்காரவைப்பது அந்த வரியை வீணாக்குவது. முதல் சுற்றில் வீட்டுக் குறியில் நிறுத்துங்கள், இரண்டாம் சுற்றின் கட்டளைக் கட்டம் முடிந்ததும் கிளப்பி அடுத்த குறிக்கு அனுப்புங்கள்.

துணைப் பணிகளில் செயல் செய்யச் சொல்லும் அட்டைகள் வரும். செயல் செய்யும் பிரிவு அந்தச் சுற்றில் சுட முடியாது. இப்போது யோசியுங்கள்: உங்களிடம் அந்த அட்டை வந்தால் யாரை அனுப்புவீர்கள்? பத்து ஹெல்பிளாஸ்டர்களையா? 200 புள்ளிக்கு மேல் விலை போகும் பிரிவு பிளாஸ்மாவைத் தோளில் மாட்டிக்கொண்டு தரையைச் சுத்தம் செய்யும். “சரி, இந்த அட்டையை விட்டுவிடலாம்” என்று கழித்துப் போட்டிருப்பீர்கள். 17 புள்ளி அப்படித்தான் வருகிறது.

வாங்க வேண்டியது ஸ்கவுட் ஒரு பெட்டி, இன்ஃபில்ட்ரேட்டர் ஒரு பெட்டி. இரண்டுமே மலிவான பிரிவுகள், ஐந்தைந்து பேர்.

ஸ்கவுட்டின் அழகு இது: எதிராளியின் முறை முடியும்போது ஆறு அங்குலத்துக்குள் பகைவன் யாரும் இல்லை என்றால், அவர்களை மேசையிலிருந்து எடுத்து ஸ்ட்ராட்டஜிக் ரிசர்வில் (மேசைக்கு வெளியே காத்திருப்பில்) வைத்துவிடலாம். அடுத்த உங்கள் முறையில் வேறொரு விளிம்பிலிருந்து வருவார்கள். மூன்றாம் சுற்றிலிருந்து எதிராளியின் களமிறங்கும் பகுதிக்குள்ளேயே கால் வைக்கலாம். எதிரியின் பின்புறம் போகச் சொல்லும் அட்டை, மேசையின் நான்கு கால்வாசிகளிலும் ஆள் நிறுத்தச் சொல்லும் அட்டை, இரண்டையும் இந்த ஐந்து பொடியன்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இன்ஃபில்ட்ரேட்டர் உங்கள் ஹெக்ஸ்மார்க் தொல்லைக்கு மருந்து. ரிசர்விலிருந்து வரும் பகைவர் எவரும் இவர்களைச் சுற்றிப் பன்னிரண்டு அங்குலத்துக்குள் இறங்க முடியாது. சாதாரணமாக இந்தத் தடை ஒன்பது அங்குலம்தான். மூலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, இடைவெளி விட்டு நிறுத்தினால் உங்கள் வீட்டுப் பக்கத்தின் பெரும்பகுதி பூட்டிக்கொள்ளும்.

இவர்களுக்கு இடம் எங்கே? லேண்ட் ரைடரை இறக்குங்கள். கோபம் வரும், தெரியும். அந்த வண்டி கண்ணுக்கு எவ்வளவு லட்சணம் என்பதும் தெரியும். ஆனால் போட்டி மேசைகளில் இடிபாடுகள் நெருக்கமாக இருக்கும். காலாட்கள் சுவருக்குள் புகுந்து போவார்கள், வண்டி போகாது. டெர்மினேட்டரை ஏற்றிச் செல்வதற்காக மட்டும் 200-க்கு மேல் செலவு செய்கிறீர்கள். அவர்களுக்கு டீப் ஸ்ட்ரைக் (வெளியே காத்திருந்து நேரே களத்தில் இறங்கும் திறன்) ஏற்கெனவே இலவசமாக இருக்கிறது.

“டீப் ஸ்ட்ரைக்கில் வந்தால் பாய்ச்சல் (ஓடிப்போய்க் கைகலப்பில் இறங்குவது) கைகூடாதே” என்பீர்கள். உங்கள் முறையில் இறங்கினால் அது உண்மை. ஒன்பது அங்குலத்துக்கு அப்பால் இறங்கி, இரண்டு பகடைகளில் ஒன்பது போட வேண்டும், 28 சதவீதம். கேப்டன் கூட இருப்பதால் மறு உருட்டு உண்டு, அப்படியும் 48-தான் வரும். ஆனால் ரேப்பிட் இங்ரெஸ் என்று ஒரு கட்டளைப் புள்ளிக்கு ஒரு தந்திரம் இருக்கிறது. எதிராளியின் நகர்வுக் கட்டம் முடியும்போது அதே ஒன்பது அங்குலத்துக்கு அப்பால், சுவருக்குப் பின்னால் அவர் கண்ணில் படாமல் இறங்குங்கள். உங்கள் முறை வந்ததும் ஐந்து அங்குலம் நடந்துவிட்டுப் பாயுங்கள். இப்போது நான்கு போட்டால் போதும், 92 சதவீதம். மறு உருட்டையும் சேர்த்தால் தோற்பதற்குத் தனித் துரதிர்ஷ்டம் வேண்டும். எதிராளி பின்வாங்கவும் வழியில்லை, அவர் ஏற்கெனவே நகர்ந்து முடித்துவிட்டார். அவர் உங்கள் மீது பாயலாம். பாயட்டுமே, டெர்மினேட்டர்களை எதற்கு வைத்திருக்கிறோம்?

அக்ரஸர் ஆறை மூன்றாக்குங்கள். மிச்சப் புள்ளியில் இன்னொரு இன்டர்செஸர் பிரிவு. பிரிவுகளின் புள்ளி விலையை நான் எழுதாததற்குக் காரணம், நான் எழுதி நீங்கள் படிப்பதற்குள் அது மாறியிருக்கலாம். புள்ளி விலைகள் உள்ள மியூனிட்டோரம் ஃபீல்ட் மேனுவலின் கடைசிப் பதிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கூட்டுங்கள்.

கணக்கு_வாத்தியார்:

பெரியவர் சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் அவர் கவனிக்காமல் கடந்த ஓர் ஓட்டை இருக்கிறது: டாங்க் எதிர்ப்பு. நீலக்கவசம் நான்கு லாஸ்கேனன்களை நம்பியிருக்கிறார். அந்த நம்பிக்கையை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எதிரே ஒரு லேண்ட் ரைடர் நிற்கிறது என்று வையுங்கள். தாங்குதிறன் 12, காயம் 16, காப்பு 2+ (பகடையில் இரண்டோ அதற்கு மேலோ விழுந்தால் அடி தடுக்கப்படும்). டெவஸ்டேட்டர் அசையாமல் நின்று சுட்டால் குறி தவறாமல் பட 3+. வலிமை 12, தாங்குதிறனும் 12, ஆகவே காயப்படுத்த 4+. ஊடுருவல் மூன்று என்பதால் எதிராளியின் 2+ காப்பு 5+ ஆகிறது, அதாவது மூன்றில் இரண்டு முறை காப்பு தவறும். மூன்றையும் பெருக்கினால் ஒன்பதில் இரண்டு. ஒரு குண்டு உள்ளே போனால் சராசரி 4.5 சேதம். ஆக ஒரு லாஸ்கேனன் குண்டுக்குச் சராசரியாகச் சரியாக ஒரு காயம். நான்கு குண்டுகளுக்கு நான்கு. அந்த வண்டியை வீழ்த்த நான்கு சுற்றுகள் வேண்டும். ஆட்டமே ஐந்து சுற்றுதான்.

இதைவிட மோசமானது சராசரிக்குள் ஒளிந்திருக்கிறது. நான்கு குண்டுகளும் ஒன்றுமே செய்யாமல் போவதற்கான வாய்ப்பு: ஒன்பதில் ஏழு, அதன் நான்காம் அடுக்கு, ஏறத்தாழ 37 சதவீதம். மூன்று முறை சுட்டால் ஒரு முறைக்கு மேல் வெறுங்கை. ஒரு பகைப் பிரிவைக் குறிவைக்கும் ஓத் ஆஃப் மொமென்ட் விதியை அந்த வண்டி மீதே போட்டு, தவறிய குண்டுகளை மறுபடி உருட்டுவதை மட்டும் கணக்கில் எடுத்தால், வெறுங்கை வாய்ப்பு 25 சதவீதத்துக்குத்தான் இறங்குகிறது. ஆட்டம் முடிந்ததும் “பகடை சதி செய்துவிட்டது” என்று சொல்வோம். பகடை தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது.

எரடிகேட்டர் இருக்கிறதே என்றால், அவர்கள் கையில் உள்ள மெல்டா துப்பாக்கியின் வலிமை 9. ஒன்பதாம் பதிப்பில் மெல்டா வைத்திருந்தவன் ராஜா. பத்தாம் பதிப்பில் வண்டிகளின் தாங்குதிறனை ஏற்றிவிட்டார்கள். தாங்குதிறன் 10-ஐ எட்டிய, தாண்டிய எதையும் மெல்டா 5+ போட்டுத்தான் காயப்படுத்துகிறது. எரடிகேட்டர்களுக்கு வண்டிகள் மீது மறு உருட்டு இருப்பதால் தேறுகிறார்கள். ஆனால் 18 அங்குலத்துக்குள் போக வேண்டும், மெல்டாவின் கூடுதல் சேதம் வேண்டுமென்றால் 9 அங்குலத்துக்குள். போய்ச் சேரும்போது மூன்று பேரும் உயிரோடு இருந்தால் பார்க்கலாம்.

கிளேடியேட்டர் லான்சரின் லேசர் வலிமை 14, ஊடுருவல் நான்கு, சேதம் ஆறுமுகப் பகடையோடு மூன்று. அதே வண்டி மீது ஒரு குண்டுக்குச் சராசரி 2.4 காயம், இரண்டு குண்டு சுடும், 72 அங்குலம் எட்டும். தாக்குதலிலும் காயத்திலும் சேதத்திலும் ஒவ்வோர் உருட்டை மறுபடி போடும் சலுகையை இதில் நான் சேர்க்கவே இல்லை. எனவே டெவஸ்டேட்டரை எடுத்துவிட்டு லான்சர் என்பது என் வாக்கு. ஒரே பெட்டிக்குத்தான் காசு என்றால் இதை வாங்குங்கள். ஸ்கவுட்டை யாரிடமாவது இரவல் வாங்கலாம், ஐந்து பொடியன்கள் எந்த மன்றத்திலும் கிடைப்பார்கள்.

நெக்ரான் எதிராளிக்கு ஒரு வார்த்தை. அவர்களுடைய பிரிவுகள் கட்டளைக் கட்டம்தோறும் எழுந்துகொண்டே இருக்கும். மூன்று பிரிவுகளைப் பாதிப் பாதியாகக் கொன்றால் மூன்றும் தேறி வரும். ஒன்றை அடியோடு அழித்தால் அது திரும்பாது.

நேர்மாறன்:

எல்லோரும் ஒரே ராகத்தில் பாடுகிறீர்கள், நான் கொஞ்சம் சுருதியை மாற்றுகிறேன்.

லேண்ட் ரைடரை எடுக்க வேண்டாம். இரண்டாக்குங்கள்.

வாத்தியாரின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நான்கு லாஸ்கேனன் ஒரு லேண்ட் ரைடரை வீழ்த்த நான்கு சுற்றுகள் ஆகும் என்றார். அந்தக் கணக்கு எதிராளிக்கும் பொருந்துமல்லவா? பலர் கொண்டுவரும் பட்டியல் ஒரு பெரிய வண்டியைச் சமாளிக்கும் அளவுக்குத்தான் எழுதப்பட்டிருக்கும். இரண்டு லேண்ட் ரைடர், இரண்டு ரிடெம்ப்டர் என்று நான்கு இரும்பு மலைகள் வந்தால், ஆள் கொல்லும் துப்பாக்கிகளை நிறைய வாங்கி வைத்தவரின் பாதிப் படை அன்றைக்கு வேலையில்லாமல் நிற்கும். ரிடெம்ப்டர் வாங்கும் ஒவ்வோர் அடியிலும் ஒரு சேதம் குறைகிறது என்பதால் இரண்டிரண்டாகச் சேதம் தரும் ஆயுதங்கள் பாதியாகிவிடும். ஒருநாள் போட்டி என்றால் மூன்றே ஆட்டம். மூவரில் இருவரிடம் போதுமான மருந்து இல்லை என்றாலே நீங்கள் மேல் மேசைகளுக்குப் போய்விடுவீர்கள். எதற்கும் தயாரான பட்டியல் என்பது நீண்ட போட்டிகளுக்கு. குறும் போட்டிக்குக் கோணல் பட்டியல்தான் லாபம்.

ஓசி பற்றிப் பெரியவர் வகுப்பெடுத்தார். லேண்ட் ரைடருக்கு ஓசி ஐந்து, ரிடெம்ப்டருக்கு நான்கு. குறி மேல் ஏறி நின்றால் யார் இறக்கப்போகிறார்கள்?

பழைய_பகடை:

நேர்மாறன் தம்பி பெயருக்கேற்ற ஆள்தான். அவர் சொல்வதில் பாதி சரி. கோணல் பட்டியல் குறும் போட்டியில் எடுபடும், நானே அதற்கு இரையாகியிருக்கிறேன். மீதிப் பாதிக்கு வருகிறேன்.

குறி மேல் ஏறி நின்ற லேண்ட் ரைடரை இறக்க வேண்டிய அவசியமே இல்லை. ஓசி இரண்டு உள்ள ஐந்து பேர் மூன்று அங்குலத்துக்குள் வந்து நின்றால் பத்துக்கு ஐந்து, குறி கைமாறிவிடும். அவர்கள் செத்தால் அடுத்த ஐந்து பேர் வருவார்கள். சாவதற்கென்றே ஆள் வைத்திருப்பவரிடம் இரும்பு மலை தோற்பதை லெஸ்டரில் எந்த வியாழனும் பார்க்கலாம். நீலக்கவசத்தின் நெக்ரான் நண்பர் செய்ததும் அதுதானே? அவர் படை அழிந்தது, வென்றார். நான்கு மலைகளை வைத்தால் அதே ஆட்டத்தை இன்னும் பெரிதாகத் தோற்கலாம்.

இரண்டாவது, காசு. கோணல் பட்டியல் இன்றைய விதிக்குப் பொருந்தும் வரைதான் கோணல். 2023 ஜூனில் பத்தாம் பதிப்பு வந்தபோது எல்டார் படையின் ரெய்த்நைட் மேசைகளைத் துடைத்தெடுத்தது. பலர் அவசர அவசரமாக வாங்கினார்கள். அடுத்தடுத்த திருத்தங்களில் அதன் புள்ளி விலை எகிறியது, விதிகளும் சுருங்கின. அந்தப் பெரிய பொம்மை பல வீடுகளில் இப்போது அலமாரிக் காவலர். இன்டர்செஸரும் ஸ்கவுட்டும் எந்தத் திருத்தத்திலும் அடியோடு செல்லாக்காசு ஆவதில்லை. கையில் ஒரு பெட்டிக்குக் காசு என்பவரிடம் இரண்டாவது லேண்ட் ரைடரை விற்காதீர்கள்.

லான்சர் பற்றி வாத்தியார் சொன்னது எனக்குச் சரியாகவே படுகிறது. நான் டாங்க் எதிர்ப்பைக் கண்டுகொள்ளாமல் விட்டது உங்கள் மன்றத்தில் நெக்ரான்தான் அதிகம் என்று எண்ணி. போட்டியில் நைட்ஸ் (ராட்சத இயந்திரப் படை) ஆடுபவர் ஒருவர் நிச்சயம் வருவார், எப்போதும் வருவார். அவருக்காகவாவது லான்சர் வேண்டும்.

தூரிகைக்காரி:

பட்டியல் சண்டையில் நான் இல்லை. வண்ணம் பூசுவதுதான் என் வேலை. ஆனால் யாரும் தொடாத சில விஷயங்கள் இருக்கின்றன.

நீலக்கவசம், புதிதாக வாங்கும் எதுவாக இருந்தாலும் போட்டிக்குள் அதற்கு வண்ணம் ஏற வேண்டும். அந்த 10 புள்ளி முழுப் படைக்கும் சேர்த்துத்தான். ஒரு பிரிவு சாம்பல் நிறப் பிளாஸ்டிக்காக நின்றாலும் எதிராளி கேள்வி கேட்கலாம். பல போட்டிகளில் வண்ணம் பூசாத பொம்மையை மேசையில் வைக்கவே விடுவதில்லை, அமைப்பாளரின் விதித்தாளை முதலில் படியுங்கள். ஸ்கவுட்டும் இன்ஃபில்ட்ரேட்டரும் சேர்ந்து பத்துப் பேர். நீல ஸ்ப்ரே, உலோகத்துக்கு ஒரு வண்ணம், தோலுக்கு ஒன்று, மேலே ஒரு கருங்கழுவல், அடித்தட்டில் மணல். இரண்டு மாலைகளில் முடியும். லான்சர் ஒரு வண்டி. சமதளங்கள் அதிகம், அவசரமாகப் பூசினால் தூரிகைத் தடம் கண்ணில் குத்தும். நேரம் குறைவு என்றால் பொடியன்கள்தான் பாதுகாப்பு. இரவல் வாங்கினால் நிறம் பொருந்துகிறதா என்று பாருங்கள், நீலப் படைக்குள் சிவப்பு ஸ்கவுட் நின்றால் எதிராளிக்குத்தான் குழப்பம்.

வாங்குவதற்கு முன்னால் ஆடிப் பார்க்கலாமே? அட்டையை வண்டியின் அளவுக்கு வெட்டி “லான்சர்” என்று எழுதி வியாழக்கிழமை மேசையில் வையுங்கள். நட்பு ஆட்டத்துக்கு யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். இரண்டு ஆட்டம் ஆடினால் எந்தப் பெட்டி தேவை என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

கடிகாரத்தையும் மறக்க வேண்டாம். பத்து ஹெல்பிளாஸ்டர்களை நகர்த்தி, சுட்டு, மறு உருட்டெல்லாம் முடிப்பதற்குள் நேரம் ஓடும். பிரிவுகளின் எண்ணிக்கை கூடினால் இன்னும் ஓடும். வீட்டில் ஒரு மேசையில் களமிறக்குவதை மட்டும் பழகுங்கள், யார் எங்கே நிற்பது என்று. போட்டியன்று அதை யோசிக்கவே கால்மணி நேரத்தைத் தின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நீலக்கவசம்:

எல்லோருக்கும் நன்றி. நேர்மாறன் அண்ணா, இரண்டு லேண்ட் ரைடர் என்றதும் ஒரு கணம் நாக்கில் நீர் ஊறியது, உண்மை. ஆனால் கைக்காசு ஒத்துக்கொள்ளவில்லை.

அட்டை லான்சரோடு ஓர் ஆட்டம் ஆடிவிட்டேன். மன்றத்தில் ஒருவர் ஸ்கவுட்டும் இன்ஃபில்ட்ரேட்டரும் தந்தார், நீலம்தான், சற்று வெளிர் நீலம். இப்போதைய பட்டியல்:

டெர்மினேட்டர் 5, கேப்டன் (டீப் ஸ்ட்ரைக்)
ஹெல்பிளாஸ்டர் 10, லெப்டினன்ட்
பிளேட்கார்ட் 3, ஜூடிசியர்
ரிடெம்ப்டர் 2
கிளேடியேட்டர் லான்சர்
அக்ரஸர் 3
எரடிகேட்டர் 3
இன்டர்செஸர் 5, இன்டர்செஸர் 5
ஸ்கவுட் 5
இன்ஃபில்ட்ரேட்டர் 5

என்ஹான்ஸ்மென்ட் ஒன்றை மட்டும் வைத்ததில் கொஞ்சம் புள்ளி மிச்சம் இருக்கிறது. அந்த ஆட்டம் டெத் கார்டு படைக்கு எதிராக. 68-71 என்று தோற்றேன், ஆனால் துணைப் பணிகளில் 33! இரண்டு கேள்விகள். துணைப் பணிகளை நிலையாக இரண்டு தேர்ந்தெடுப்பதா, சுற்றுக்குச் சுற்று அட்டை எடுப்பதா? மிச்சப் புள்ளிக்கு ஒரு ஸ்கவுட் பிரிவு கூட வைக்கலாமா, அல்லது பிளேட்கார்டை மறுபடி ஆறாக்கலாமா?

பழைய_பகடை:

33 எடுத்தவர் அட்டை எடுத்துதான் ஆட வேண்டும். நிலையான பணிகள், எதிராளியிடம் வண்டிகளோ தலைவர்களோ குவிந்திருந்து அவற்றைக் கொல்வது மட்டுமே உங்கள் தொழில் என்றால் சரி. நைட்ஸ் எதிரே வந்தால் வண்டிகளை வீழ்த்தும் பணியை நிலையாக எடுப்பதை யோசிக்கலாம். மற்றபடி இத்தனை கால்கள் உள்ள பட்டியலுக்கு அட்டைகள்தான்.

மிச்சப் புள்ளிக்கு ஸ்கவுட். பிளேட்கார்டு ஆறாக வேண்டாம், மூன்று பேரும் ஜூடிசியரும் ஓர் எதிர்த்தாக்குதலுக்குப் போதும். இரண்டு ஸ்கவுட் பிரிவுகளையும் முதல் சுற்றிலேயே முன்னால் அனுப்பிச் சாகடிக்காதீர்கள். ஒன்று முன்னால் போய் எதிராளியின் நகர்வைத் தடுக்கட்டும், இன்னொன்று சுவருக்குப் பின்னால் பதுங்கி மூன்றாம் சுற்றுக்காகக் காத்திருக்கட்டும்.

அந்த 68-71 ஆட்டத்தில் டெர்மினேட்டர் எந்தச் சுற்றில் இறங்கினார்கள்?

நீலக்கவசம்:

நான்காம் சுற்றுக்கு வைத்திருந்தேன். மூன்றாம் சுற்று முடிந்ததும் எதிராளி விதியைக் காட்டினார், இறங்காத பிரிவு அழிந்ததாகக் கணக்காம்.

பழைய_பகடை:

கணக்காம் அல்ல, கணக்குதான். அந்த மூன்று புள்ளி அங்கேதான் போயிருக்கிறது. இரண்டாம் சுற்றில் எதிராளியின் நகர்வுக் கட்டம் முடியும்போது ஒரு கட்டளைப் புள்ளி கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், வேறு எதற்கும் செலவழிக்காமல். பட்டியலை அமைப்பாளருக்கு அனுப்பும் முன் புதிய புள்ளிகளோடு ஒருமுறை கூட்டிப் பாருங்கள், ஒரு புள்ளி கூடினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.